ஜாக்கி தூக்கும், மண் தாங்குமா?

கார் வைத்திருக்கிற எல்லோருக்குமான பதிவு இது. கொஞ்சம் நீளம்தான். தீபாவளிக்கோ பொங்கலுக்கோ குலதெய்வம் கும்பிடவோ காரை எடுத்துக்கொண்டு ஊருக்குக் கிளம்பும் முன் ஒருமுறை பொறுமையாகப் படித்துவிடுங்க.

"டாக்டருக்கும் கார் ஜாக்கிக்கும் என்ன சார் சம்பந்தம்?" என்று கேட்பீங்க. நியாயமான கேள்வி.

ஜாக்கி சரிந்தால் மெக்கானிக் கடைக்குப் போவது கார். எங்களிடம் வருவது மனிதர். அவ்வளவுதான் சம்பந்தம்.

காரைக்குடி பக்கம் வீட்டு வாசல்கள் எப்படி இருக்கும் என்று வந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். தெருவையே அடைத்துக்கொண்டு பெரிய முகப்பு. அதற்கு முன்னால் செம்மண்ணும் சரளையும் கலந்த வாசல். கிராமத்துப் பக்கம் போனால் வீட்டை ஒட்டி ஒரு பொட்டல், இல்லையென்றால் கண்மாய்க் கரையோர மண் பாதை. வருஷத்தில் பத்து மாதம் பூட்டியே கிடக்கிற வீடுகளுக்கு, விசேஷம் என்றால் சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் நாலைந்து கார்கள் வந்து நிற்கும்.

மே மாதத்தில் இந்த மண் பாறை மாதிரி இருக்கும். மம்பட்டி போட்டால் கை அதிரும். அதே மண், ஐப்பசி அடைமழை இரண்டு நாள் பெய்த பிறகு வேறு மண். மேலே காய்ந்த மாதிரி தெரியும். ஒரு இன்ச்சுக்குக் கீழே களி. கரிசல் மண் ஊர்க்காரர்களுக்கு நான் சொல்லவே வேண்டாம்.

தீபாவளி வருவதும் வடகிழக்குப் பருவமழை வருவதும் ஏறக்குறைய ஒரே நேரம். நம் ஊரில் கார்கள் அதிகமாக மண்ணில் நிற்கும் காலமும், மண் மிக மோசமாக இருக்கும் காலமும் ஒன்றாகிவிடுகிறது.

இப்போது ஒரு காலை நேரத்தை நினைத்துப் பாருங்க. கிளம்ப வேண்டிய நேரம். பெட்டியெல்லாம் டிக்கியில். பிள்ளைகள் உள்ளே. பார்த்தால் ஒரு டயர் தரையோடு ஒட்டிக் கிடக்கிறது. என்ன செய்வோம்? ஜாக்கியை எடுத்து அப்படியே மண்ணில் வைத்துத் தூக்குவோம்.

இங்கேதான் கணக்கு இருக்கு. சின்னக் கணக்கு, கால்குலேட்டர் கூட வேண்டாம்.

சாதாரண சின்ன கார் ஒன்று ஏறக்குறைய 900 கிலோ. ஒரு மூலையைத் தூக்கும்போது ஜாக்கி மேல் சுமார் 300 கிலோ வரும் என்று வைத்துக்கொள்வோம். காரோடு வரும் கத்தரி ஜாக்கியின் அடித்தகடு எவ்வளவு பெரிசு? உள்ளங்கை அளவு. 8-க்கு 15 சென்டிமீட்டர் என்றால் 120 சதுர சென்டிமீட்டர். ஆக, ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் மண்ணின் மேலும் இரண்டரை கிலோ அழுத்தம்.

இதை நம் உடம்போடு ஒப்பிட்டுப் பார்ப்போம். 60 கிலோ மனிதர் இரண்டு காலையும் ஊன்றி நிற்கிறார். இரண்டு பாதத்துக்கும் சேர்த்து சுமார் 300 சதுர சென்டிமீட்டர் தரையில் படும். ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 200 கிராம்தான்.

அதாவது நீங்க நிற்கும்போது மண்ணுக்குக் கொடுக்கிற அழுத்தத்தைப் போல 12 மடங்கு அழுத்தத்தை அந்தச் சின்னத் தகடு கொடுக்கிறது. "நான் நின்னேன், அமுங்கலையே" என்பது எந்த ஆதாரமும் இல்லை.

ஜாக்கியில் "1 டன்" என்று எழுதியிருக்கும். அது அந்த இரும்பைப் பற்றிய வாக்குறுதி. உங்க வீட்டு வாசல் மண்ணைப் பற்றி அந்தக் கம்பெனிக்கு ஒன்றும் தெரியாது.

சரி, கொஞ்சம் அமுங்கினால் என்ன ஆகிவிடும்?

நேராக அமுங்கினால் பெரிய பிரச்சினை இல்லை. ஆனால் மண் ஒருபோதும் நேராக அமுங்குவதில்லை. ஒரு ஓரம் கல், மறு ஓரம் ஈரம். 10 சென்டிமீட்டர் அகலத் தகட்டின் ஒரு ஓரம் மட்டும் 1 சென்டிமீட்டர் இறங்கினால், 30 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கும் ஜாக்கியின் தலை 3 சென்டிமீட்டர் பக்கவாட்டில் நகரும். காரின் அடி விளிம்பைப் பிடித்திருக்கும் அந்தத் தலையில் உள்ள பள்ளம் அதைவிடக் குறுகல். பிடி விட்டுப் போய்விடும்.

பிறகு ஜாக்கி சாயும், கார் விழும். "ஏய்" என்று கத்துவதற்குள் எல்லாம் முடிந்துவிடும்.

இந்தக் கணக்கு எங்களுக்குப் புதுசு இல்லை. படுத்த படுக்கையாக இருக்கும் நோயாளிக்கு ஏன் முதுகுப் புண் வருகிறது? உடம்பின் எடை முழுக்க இடுப்பெலும்பு, குதிகால் என்று சில முனைகளில் போய்க் குவிகிறது. அந்த இடத்துத் தோலுக்கு ரத்தம் போவதில்லை. தோல் அழுகுகிறது. நாங்கள் என்ன செய்கிறோம்? எடையைக் குறைக்க முடியாது. அதனால் காற்று மெத்தை போட்டு அதைப் பரப்புகிறோம். தண்டவாளத்துக்குக் கீழே குறுக்குக் கட்டையும் ஜல்லியும் இருப்பதும் இதே காரணத்துக்காகத்தான். ரயிலின் எடை அப்படியே மண்ணில் இறங்கினால் தண்டவாளம் புதைந்துவிடும்.

ஜாக்கிக்கும் அதே வைத்தியம்தான். அதன் பெயர் பலகை.

ஒரு அடிக்கு ஒரு அடி கெட்டியான பலகையை ஜாக்கிக்குக் கீழே வைத்தால், 120 சதுர சென்டிமீட்டர் 900 ஆகிவிடும். இரண்டரை கிலோ அழுத்தம் 330 கிராமுக்கு வந்துவிடும். கிட்டத்தட்ட ஒரு மனிதர் நிற்கிற அழுத்தம். மண் அதைத் தாங்கும்.

லாரி டிரைவர் அண்ணன்களைக் கவனித்திருப்பீங்க. லாரியில் எங்கேயாவது ஒரு கட்டைப் பலகை செருகியிருக்கும். சர்க்கரைக்கு மாத்திரை வாங்க வரும் ஒரு டிரைவர் சொன்னார்: "ஜாக்கிய நம்பலாம் டாக்டரே, மண்ண நம்பப்படாது." முப்பது வருஷ அனுபவம். மேலே நான் போட்ட கணக்கு முழுவதும் அந்த ஒரு வரியில் இருக்கு.

இப்போது மருத்துவப் பக்கம். பயமுறுத்த எழுதவில்லை. தெரிந்தால்தான் கீழே சொல்லும் படிகளை நீங்க சோம்பல்படாமல் செய்வீங்க.

காருக்கு அடியில் நெஞ்சு மாட்டிக்கொண்டால் என்ன நடக்கும்?

நாம் மூச்சு விடுவது விலா எலும்புகள் விரிந்து சுருங்குவதால். நெஞ்சின் மேல் சில நூறு கிலோ உட்கார்ந்துவிட்டால் விலா விரியாது. வாய் திறந்திருக்கும், மூக்கு அடைக்கவில்லை, சுற்றிலும் நல்ல காற்று இருக்கும். ஆனாலும் மூச்சு உள்ளே போகாது. கூடவே இதயத்துக்குத் திரும்ப வேண்டிய ரத்தம் நெஞ்சின் அழுத்தத்தால் கழுத்துக்கும் தலைக்கும் பின்வாங்கும். முகம் ஊதா நிறமாகும். கண் வெள்ளையில் ரத்தம் கட்டும். 1837-ல் ஒலிவியே என்ற பிரெஞ்சு மருத்துவர், பாரிஸில் கூட்ட நெரிசலில் இறந்தவர்களிடம் இந்த முகத்தைப் பார்த்து எழுதி வைத்தார். கூட்டமாக இருந்தாலும் காராக இருந்தாலும் நெஞ்சுக்கு ஒன்றுதான்.

ஆக்சிஜன் இல்லாமல் மூளைக்குக் கிடைக்கும் அவகாசம் நான்கைந்து நிமிடம்.

2008-லிருந்து நமக்கு 108 இருக்கு. எத்தனையோ உயிரைக் காப்பாற்றுகிற சேவை. ஆனால் காரைக்குடியிலிருந்து மண் பாதை வழியாக ஒரு கிராமத்துப் பொட்டலுக்கு நான்கு நிமிடத்தில் யாராலும் வர முடியாது. அந்த நான்கு நிமிடத்துக்கு நீங்களும் பக்கத்து வீட்டுக்காரர்களும்தான் சிகிச்சை.

கை, கால் மாட்டிக்கொண்டால் கதை வேறு. அதிக நேரம் நசுங்கிய தசை செத்து, உள்ளே இருக்கும் பொட்டாசியத்தையும் மயோகுளோபின் என்ற புரதத்தையும் ரத்தத்தில் கொட்டும். பொட்டாசியம் இதயத் துடிப்பைக் குலைக்கும். மயோகுளோபின் சிறுநீரகத்தை அடைக்கும். சிறுநீர் கறுப்புக் காப்பி நிறத்தில் போகும். 1941-ல் லண்டன் குண்டுவீச்சில் இடிபாடுகளில் சிக்கி மீட்கப்பட்டவர்களிடம் பைவாட்டர்ஸ், பீல் என்ற இரண்டு மருத்துவர்கள் இதைக் கவனித்து எழுதினார்கள். வெளியே எடுத்தபோது நன்றாகப் பேசிக்கொண்டிருந்தவர்கள், சில நாட்களில் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். அதனால்தான் "எடுத்தாச்சு, நல்லா பேசுறார், வீட்டுக்குப் போகலாம்" என்று யார் சொன்னாலும் நாங்கள் விடுவதில்லை.

ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

ஒரு மழைக்காலத்தில் காலை வேளையில் அவரைக் கொண்டுவந்தார்கள். நாற்பதுகளின் கடைசியில் இருப்பவர். முகம் கழுத்து வரை ஊதா. இரண்டு கண்ணும் ரத்தச் சிவப்பு. கூட வந்த அவர் மனைவி, "டாக்டர், கண்ணுல ரத்தமா இருக்கே, பார்வை போயிருமா?" என்று அதையே திரும்பத் திரும்பக் கேட்டார். பார்வைக்கு ஒன்றும் இல்லைம்மா, விலாதான் உடைஞ்சிருக்கு என்று சொல்லிப் புரியவைக்கக் கொஞ்ச நேரம் ஆச்சு.

அவர் காருக்கு அடியில் படுத்து வேலை பார்க்கவில்லை. பஞ்சர் டயரைத்தான் மாற்றிக்கொண்டிருந்தார். கழற்றிய நட்டு ஒன்று உருண்டு காருக்கு அடியில் போய்விட்டது. எடுக்கக் குனிந்து தோள் வரை உள்ளே விட்டார். அந்த நேரம் பார்த்து ஜாக்கி சரிந்தது.

பக்கத்து வீட்டில் விசேஷத்துக்குப் பந்தல் போட்டுக்கொண்டிருந்த ஆறு இளைஞர்கள் ஓடி வந்து காரின் ஓரத்தைத் தூக்கியிருக்கிறார்கள். அவர்கள் இல்லையென்றால் நான் அவருக்கு எழுதியிருக்கக்கூடிய சீட்டு வேறு.

ஒரு நட்டு. கடையில் வாங்கினால் ஒரு சாப்பாட்டு விலை கூட ஆகாது.

சரி, என்ன செய்யலாம்? வரிசையாகச் சொல்கிறேன். சேமித்து வைத்துக்கொள்ளுங்க.

1. முதலில் இடத்தை மாற்ற முடியுமா பாருங்க. இருபது முப்பது மீட்டரில் தார் ரோடோ சிமெண்ட் தளமோ இருந்தால், பஞ்சர் டயரோடவே ஆள் நடக்கிற வேகத்தில் மெதுவாக ஓட்டிப் போங்க. டயர் வீணாகலாம். ரிம் கூட நெளியலாம். போகட்டும். ரோட்டுக்குப் போனால் வண்டி வருகிற பாதையை விட்டு ஓரமாக நிறுத்தி, நான்கு பக்கமும் சிக்னல் விளக்கைப் போட்டுவிடுங்க. சரிவான இடத்தில் மட்டும் தூக்கவே வேண்டாம்.

2. மண்ணில்தான் தூக்கியாக வேண்டும் என்றால், குதிகால் சோதனை. ஜாக்கி வைக்கப்போகும் இடத்தில் செருப்பைக் கழற்றிவிட்டு, ஒரே குதிகாலில் முழு எடையையும் போட்டு நின்று லேசாகத் திருகிப் பாருங்க. 60 கிலோ ஒரு குதிகாலில் இறங்கினால் சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 2 கிலோ. ஜாக்கித் தகடு கொடுக்கும் அழுத்தத்துக்குப் பக்கத்தில் வந்துவிடும். குதிகால் பதிந்தால் பலகை இல்லாமல் ஜாக்கியும் பதியும். பதியவில்லை என்றாலும் பலகை வைக்கத்தான் வேண்டும். நாலு இன்ச் ஆழத்தில் மண் எப்படி இருக்கிறது என்று குதிகாலுக்குத் தெரியாது.

3. வாசலில் புதைந்திருப்பதை நினைவுபடுத்திக்கொள்ளுங்க. 2003-ல் தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானபோது எத்தனையோ வீட்டு வாசலில் குழி வெட்டி, ஜல்லியும் மணலும் போட்டு மூடினோம். இருபது வருஷத்துக்கு மேல் ஆச்சு. இப்போது அது எங்கே இருக்கிறது என்று வீட்டில் உள்ள பெரியவர்களைக் கேட்டால்தான் தெரியும். செப்டிக் டேங்க் மூடி, புதுசாகக் குழாய் பதித்து மூடிய பள்ளம், இவற்றின் மேலும் பக்கத்திலும் ஜாக்கி வைக்காதீங்க. பேவர் பிளாக் போட்ட வாசலும் இதே கணக்குதான். கல் கெட்டி, ஆனால் அது உட்கார்ந்திருப்பது மணல் மேல்.

4. காரில் இருக்கும் எல்லோரையும் இறக்குங்க. "ஆச்சிக்கு முட்டி வலி, அவங்க மட்டும் உள்ளேயே இருக்கட்டும்" என்று சொல்வோம். வேண்டாம். வீட்டிலிருந்து ஒரு நாற்காலி கொண்டுவந்து தள்ளிப் போட்டு உட்கார வையுங்க. உள்ளே ஒருவர் அசைந்தாலே கார் ஆடும். டிக்கியில் உள்ள பெட்டிகளையும் இறக்கிவிடுங்க. பிள்ளைகளை எண்ணி, ஒரு பெரியவர் கையில் ஒப்படைத்த பிறகு அடுத்த வேலை.

5. ஹேண்ட் பிரேக் போடுங்க, கியரில் விடுங்க. அதோடு நிற்காதீங்க. பெரும்பாலான கார்களில் ஹேண்ட் பிரேக் பின் சக்கரங்களை மட்டும்தான் பிடிக்கும். நம் ஊரில் ஓடும் சின்ன கார்கள் பலவற்றில் கியர் பிடிப்பது முன் சக்கரங்களை. முன் சக்கரம் ஒன்றைத் தூக்கியதும், அந்தரத்தில் இருக்கும் சக்கரம் சும்மா சுற்றும். அதனால் தரையில் இருக்கும் இன்னொரு முன் சக்கரத்தின் மேல் கியருக்குப் பிடி இருக்காது. பின் சக்கரத்தைத் தூக்கினால் ஹேண்ட் பிரேக்கின் பிடி பாதியாகிவிடும். அதனால் தூக்கும் சக்கரத்துக்கு மூலைவிட்டமாக எதிரே இருக்கும் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுங்க. உருண்டைக் கல் வேண்டாம். நல்ல கட்டை, முடிந்தால் ஆப்பு மாதிரி சரிவாக வெட்டியது.

6. ஜாக்கி போடும் முன்பே நட்டுகளைத் தளர்த்துங்க. அரைச் சுற்று போதும், கழற்ற வேண்டாம். ஒரு அடி ஸ்பேனரில் முப்பது கிலோவுக்கு மேல் அழுத்தினால்தான் நட்டு அசையும். அந்தப் பலத்தை, தூக்கி நிற்கும் காரில் போட்டு உலுக்கினால் ஜாக்கி எப்படி நிற்கும்?

7. பலகை வைக்கும் இடத்தில் தளர்ந்த மண்ணையும் சேற்றையும் வழித்து எடுத்துவிட்டு, கெட்டி மண்ணைச் சமமாக்குங்க. பள்ளத்தில் மணலைக் கொட்டி நிரப்பாதீங்க. பலகை முழுசாக மண்ணில் படிய வேண்டும். மிதித்துப் பார்த்தால் ஆடக்கூடாது. ஜாக்கி பலகையின் நடு மையத்தில் உட்கார வேண்டும். ஓரத்தில் வைத்தால் பலகை வைத்ததற்கே அர்த்தமில்லை.

8. பலகைக்குப் பதில் செங்கல், ஓடு, ஹாலோ பிளாக், கடப்பாக் கல், உடைந்த ஆத்தங்குடிக் கல் எதுவும் வேண்டாம். இவையெல்லாம் பரவலான எடையைத் தாங்கும். ஒரே இடத்தில் குத்தினால் சொல்லாமல் உடையும். மரம் அப்படி இல்லை. உடைவதற்கு முன் முனகும், வளையும், உங்களுக்கு நேரம் கொடுக்கும்.

9. காரின் அடி விளிம்பில் ஜாக்கி வைக்க என்றே இடம் குறித்திருப்பார்கள். பொதுவாக முன் சக்கரத்துக்குச் சற்றுப் பின்னால், பின் சக்கரத்துக்குச் சற்று முன்னால். காரோடு கொடுத்த புத்தகத்தில் படமே இருக்கும். அங்கே மட்டும் வையுங்க.

10. மெதுவாகத் திருகுங்க. ஜாக்கியில் எடை ஏறி, டயர் இன்னும் தரையை விட்டு எழும்பாத நிலையில் நிறுத்துங்க. ஒரு நிமிடம் எட்ட நின்று பாருங்க. ஜாக்கி நேராக நிற்கிறதா? பலகையின் ஒரு ஓரம் இறங்குகிறதா? லேசாகச் சாய்ந்தாலும் இறக்கிவிட்டு மறுபடி முதலிலிருந்து வையுங்க. சாய்ந்த ஜாக்கியைக் காலால் உதைத்து நேராக்க வேண்டாம்.

11. ஸ்டெப்னியை எடுத்ததும், ஜாக்கிக்குப் பக்கத்தில் காரின் விளிம்புக்கு அடியில் படுக்க வைத்துத் தள்ளிவிடுங்க. உங்க கையும் தோளும் வெளியிலேயே இருக்கட்டும். ஜாக்கி சரிந்தாலும் கார் அதன் மேல்தான் உட்காரும். பஞ்சர் சக்கரத்தைக் கழற்றிய பிறகு அதை உள்ளே தள்ளிவிட்டு ஸ்டெப்னியை எடுத்துக்கொள்ளுங்க. (ஸ்டெப்னி என்ற பெயர் எங்கிருந்து வந்தது தெரியுமா? வேல்ஸில் லனெல்லி என்ற ஊரில் ஸ்டெப்னி தெருவில் 1904-ல் மாற்றுச் சக்கரம் செய்து விற்கத் தொடங்கினார்கள். அந்தத் தெருப் பெயரைத்தான் நாம் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.)

12. கழற்றிய நட்டுகளை ஒரு கிண்ணத்திலோ சட்டைப் பையிலோ போடுங்க. காருக்கு அடியில் உருண்டு போனால் ஒரு குச்சியால் இழுங்க. குச்சிக்கு எட்டவில்லையா? காரை இறக்கிய பிறகு எடுத்துக்கொள்ளலாம். மீதி நட்டுகளை வைத்து மெதுவாக மெக்கானிக் கடை வரை போய்விடலாம்.

13. சக்கரத்தை மாட்டும்போது இரண்டு பக்கவாட்டிலும் பிடியுங்க. கையை டயருக்கு அடியில் கொடுக்காதீங்க. காலை மடக்கிக் குந்தி உட்காருங்க. காலை காருக்கு அடியில் நீட்டி உட்காரும் பழக்கம் நம்மிடம் நிறைய.

14. நட்டுகளைக் கையால் மாட்டி, ஸ்பேனரால் லேசாக இறுக்கி, காரை இறக்கிய பிறகு எதிர் எதிராக முழுசாக இறுக்குங்க. ஐம்பது நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு ஒருமுறை சரிபாருங்க.

இவ்வளவும் டயர் மாற்ற மட்டும்தான். காருக்கு அடியில் போய்ப் பார்க்கும் வேலை எதுவாக இருந்தாலும், எலி ஒயரைக் கடித்துவிட்டது, சைலன்சர் தொங்குகிறது, ஆயில் ஒழுகுகிறது என்றாலும், ஜாக்கியை மட்டும் நம்பிப் போகாதீங்க. ஜாக்கி தூக்குவதற்கு. தாங்கிப் பிடிக்க ஸ்டாண்ட் என்று தனியாக ஒன்று இருக்கிறது. மண் தரையில் ஸ்டாண்டும் புதையும். ஆகவே வாசலில் அந்த வேலையே வேண்டாம். மெக்கானிக்கைக் கூப்பிடுங்க, அல்லது காரைக் கடைக்குக் கொண்டுபோங்க. ஆஸ்திரேலியாவில் கார் ஜாக்கிகளுக்கென்றே அரசு கட்டாயப் பாதுகாப்பு விதிகள் வைத்திருக்கிறது. ஜாக்கியால் உயிர் போவது நம் ஊரில் மட்டும் நடப்பது இல்லை.

இவ்வளவுக்கும் பிறகு விபத்து நடந்துவிட்டால்?

ஒருவர் சத்தம் போட்டு ஆளைக் கூப்பிடட்டும். இன்னொருவர் 108-க்கு அடிக்கட்டும். இரண்டும் ஒரே நேரத்தில்.

நெஞ்சு, வயிறு, கழுத்தின் மேல் கார் இருந்தால் காத்திருக்கவே கூடாது. உடனே தூக்க வேண்டும். ஆறேழு பேர் சேர்ந்தால் ஒரு மூலையைத் தூக்கிவிடலாம். பம்பரைப் பிடிக்காதீங்க, பிளாஸ்டிக், கையோடு வந்துவிடும். சக்கரத்துக்கு மேல் வளைவையும் கதவுக்குக் கீழே உள்ள விளிம்பையும் பிடியுங்க. ஒருவர் மட்டும் எண்ணட்டும், எல்லோரும் ஒன்றாகத் தூக்கணும். தூக்க தூக்க ஸ்டெப்னியோ கட்டையோ அடியில் தள்ளிக்கொண்டே வாங்க. கார் அதன் மேல் உட்கார்ந்த பிறகே ஆளை இழுக்கணும்.

ஆள் போதவில்லையா? பக்கத்துக் காரிலிருந்து இன்னொரு ஜாக்கி, அதற்குக் கீழே ஒரு பலகை. பதட்டத்தில் பலகையை மறந்தால் இரண்டாவது ஜாக்கியும் சரியும்.

காரை ஸ்டார்ட் செய்து நகர்த்தாதீங்க. எடை மேலே இருக்கும்போதே ஆளைப் பிடித்து இழுக்காதீங்க.

கை கால் மட்டும் மாட்டியிருக்கிறது, இப்போதுதான் நடந்தது என்றால் உடனே தூக்கி விடுவியுங்க. கால் மணி நேரத்துக்கும் மேல் ஆகிவிட்டது என்றால் 108-ல் அதைச் சொல்லுங்க. அவர்கள் சொல்கிறபடி செய்யுங்க. நீண்ட நேரம் நசுங்கிய காலை விடுவிக்கும்போது கூடவே மருத்துவ உதவி இருப்பது நல்லது.

வெளியே எடுத்தவர் மூச்சு விடவில்லை, அசைவில்லை என்றால் நெஞ்சின் நடுவில் இரண்டு கையையும் வைத்து 5 முதல் 6 சென்டிமீட்டர் ஆழத்துக்கு அழுத்துங்க. நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை. ஆம்புலன்ஸ் வரும் வரை நிறுத்தாதீங்க. ஆள் இருந்தால் இரண்டு நிமிடத்துக்கு ஒருவர் மாறிக்கொள்ளுங்க.

மூச்சு இருந்தால் படுத்த நிலையில் வையுங்க. கழுத்தை அசைக்காதீங்க. தண்ணீர், சோடா, காப்பி எதுவும் வேண்டாம். அறுவை சிகிச்சை தேவைப்படலாம். எழுந்து நடந்தாலும் மருத்துவமனைக்கு வரத்தான் வேண்டும். கல்லீரல், மண்ணீரல் கிழிந்து உள்ளே கசியும் ரத்தம் சில மணி நேரம் கழித்துத்தான் தன்னைக் காட்டும்.

கடைசியாக, உங்களுக்கு ஒரு வேலை.

இந்த வாரம் பக்கத்து மரக்கடைக்குப் போங்க. ஒரு அடி சதுரம், ஒன்றரை இன்ச் கனத்தில் நாட்டு மரப் பலகை ஒன்று கேளுங்க. வெடிப்பு இல்லாததாகப் பார்த்து வாங்குங்க. பர்மா தேக்குதான் வேண்டும் என்று முனீஸ்வரன் கோயில் தெரு பழம்பொருள் கடைகளில் தேட வேண்டாம், வேம்பு போதும். சக்கரத்துக்குக் கொடுக்க இரண்டு ஆப்புக் கட்டை. ஒரு டார்ச். நட்டு போட ஒரு பழைய டப்பா. எல்லாம் ஒரு சாக்கில் போட்டு டிக்கியில் வையுங்க.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, சிமெண்ட் தரையில், அவசரம் ஏதும் இல்லாத நேரத்தில் ஒருமுறை ஜாக்கி போட்டுப் பாருங்க. முக்கியமாக ஒன்றைக் கவனியுங்க. காற்று இறங்கிய டயரில் கார் தாழ்ந்து நிற்கும். பலகைக்கு மேல் ஜாக்கி வைத்தால் உள்ளே நுழையாமல் போகலாம். அப்படியென்றால் ஒரு இன்ச் கனத்தில் இன்னொரு பலகை வைத்துக்கொண்டு, முதலில் பஞ்சர் சக்கரத்தை அதன் மேல் ஏற்றிவிட்டால் இடம் கிடைக்கும். இதை மழையில், இருட்டில், கிளம்புகிற அவசரத்தில் கண்டுபிடிப்பதைவிட ஞாயிற்றுக்கிழமை கண்டுபிடிப்பது நல்லது.

வீட்டில் வண்டி ஓட்டும் தம்பி, தங்கை, மகன், மகள் எல்லோரையும் கூட வைத்துக்கொண்டு செய்யுங்க. அடுத்த தடவை டயர் இறங்கும்போது பக்கத்தில் நீங்க இல்லாமல் போகலாம்.

சந்தேகம் இருந்தால் கீழே கேளுங்க, டூட்டி முடிந்து வந்து பதில் சொல்கிறேன். கார் வைத்திருக்கும் உறவுகளுக்கு இதை அனுப்பி வையுங்க.

பத்திரமாக ஊருக்குப் போய் வாங்க.